சிங்கத்தின் மேல் முதல் வெட்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இலாகா ஒரு தொப்பி கொடுத்திருக்கும். அதில் குத்திக்கொள்ளச் சிங்கம் போட்ட ஒரு பித்தளை வில்லையும் கொடுத்திருக்கும். வாங்கிய அன்றே கண்ணாடி முன்னால் போய் நின்றிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் நின்றவன்தான். என் காலத்தில் அந்த வில்லையில் முதலில் கிரீடம் இருந்தது. பிறகு கொஞ்ச காலம் வில்லையே இல்லாமல், குத்திய ஓட்டைகள் மட்டும் தொப்பியில் இருந்தன. அதற்கப்புறம்தான் சிங்கம் வந்தது. மூன்றையும் தலையில் சுமந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். உப்பு எப்படி விளைகிறது, எப்படி எடை போடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த வில்லையை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். மிஞ்சிப்போனால் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள்.

அத்திப்பட்டு ஊரை ஒட்டிய அரசு உப்பளத்தில் அப்போது நான் சப்-இன்ஸ்பெக்டர். வீடு ராயபுரத்தில். காலை ரயிலில் வந்து இறங்கி வரப்பு மேல் நடந்தால், கண் கூசும் வெள்ளையில் அம்பாரம் அம்பாரமாக உப்பு நிற்கும். ஒவ்வொரு அம்பாரத்தையும் பலகையால் தட்டிச் சீராக்கி, இடுப்பு உயரத்தில் சுற்றிலும் ஈரக் களிமண்ணைப் பட்டையாகப் பூசுவோம். அது காய்வதற்குள் ஒரு மரமுத்திரையை வரிசையாக அதில் அழுத்துவோம். மேலே கீற்று போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்தது. யாராவது திருட்டுத்தனமாக உப்பை அள்ளினால் களிமண் விரியும், முத்திரை உடையும், காலையில் குட்டு வெளிப்பட்டுவிடும். பூட்டும் சாவியும் இல்லாத வெட்டவெளியில் அந்த முத்திரைதான் எங்களுக்குப் பூட்டு.

வெள்ளைக்காரன் காலத்து முத்திரையில் கிரீடம் செதுக்கியிருக்கும். உப்பை ஏற்றும் நாள் வந்தால் முத்திரைகளைச் சரிபார்த்துவிட்டு, உடைக்கலாம் என்று நான் தலையசைப்பேன். முதல் வெட்டு போடுவது கன்னியப்பன். ஏற்றுக்கூலி ஆட்களுக்கு மேஸ்திரி அவன். அவனுக்கு முன்னால் அவன் அப்பா மேஸ்திரி. முதல் வெட்டு அந்தக் குடும்பத்து உரிமை, அதை வேறு யாரும் தொடமாட்டார்கள். அந்த அப்பா ஒருமுறை கழிமுகத்துக் கரையில் தானாகப் பூத்திருந்த உப்பை ஒரு கைப்பிடி சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு போனதற்காகச் சிறைக்குப் போனவர். மகன் அதை மறக்கவில்லை. கால்களை அகட்டி நின்று மண்வெட்டியை ஓங்கி, "மவராசா, கொஞ்சம் நவுந்துக்கோ நைனா!" என்று கத்தி, சரியாகக் கிரீடத்தின் நடுவில் போடுவான். கூடையோடு நிற்கும் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். சட்டப்படி உடைக்கச் சொன்ன முத்திரையை உடைக்கிறான், அதைச் சிரித்துக்கொண்டே செய்யக்கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லையே.

சுதந்திரம் வந்தது. உப்பு வரியும் போயிற்று. ஆனால் அரசு அளத்து உப்பு திருடர்களுக்கும் சுதந்திர உப்பு ஆகிவிடக்கூடாது அல்லவா, முத்திரை போடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. புது முத்திரை வரும்வரை கிரீடத்தை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு அதே பலகையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அழுத்தினால் வட்டம் மட்டும் விழும், நடுவில் ஒன்றும் இருக்காது. ஆட்கள் அதற்கு மொட்டை முத்திரை என்று பெயர் வைத்தார்கள். கன்னியப்பன் முதல் வெட்டு போட்டான், ஆனால் கத்தவில்லை. ஏனென்று கேட்டேன். "மொட்டைய அடிச்சி இன்னா சார் கீது?" என்று அலுத்துக்கொண்டான்.

குடியரசான வருடம் சிங்க முத்திரை வந்தது. அதைக் கதர்த்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் சுற்றுப்பயண அதிகாரியே நேரில் வந்தார். நல்ல மனிதர், நேர்மையானவர், கொஞ்சம் அவசரக்காரர். விடுதலைக்காகப் படிப்பை விட்டவர் என்று கேள்வி. சாயங்காலம் அம்பாரத்துக்குக் களிமண் பூசி ஆட்களையெல்லாம் கூட்டினோம். அவர் தன் கையாலேயே முதல் முத்திரையை அழுத்தி எடுத்தார். களிமண்ணில் மூன்று சிங்கங்கள் எழும்பி நின்றன. எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

அவர் பேசினார், அழகாகவும் பேசினார். நான்கு சிங்கங்கள், அவை வலிமை. கீழே உள்ள சக்கரம் அறம். ஒரு பக்கம் ஓடும் குதிரை, மறுபக்கம் உழைக்கும் காளை. அடியில் எழுதியிருப்பது, வாய்மையே வெல்லும் என்பது. கூடைக்காரப் பெண்களுக்குத் தலைவியான முனியம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து கேட்டாள்.

"மூணு சிங்கம்தான் சார் கீது. நாலுன்னு சொல்றியே?"

"நாலாவது பின்னால் இருக்கிறதம்மா. நம் கண்ணுக்குத் தெரியாது."

"பொறத்தால நின்னுகினு இன்னா பண்ணுது?"

அதிகாரி சிரித்து மழுப்பிவிட்டுப் பேச்சை முடித்தார். "இது வெறும் மண் பொம்மை இல்லை. இதற்கு முன்னால் இருந்தது அந்நியன் தலை. இது நம் தலை. இதை அவமதித்தால் நம்மையே அவமதிப்பதாகும்." எல்லோரும் கைதட்டினார்கள். பெண்கள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், யாரோ கற்பூரம்கூடக் கொளுத்தினார்கள். பிறகு புது முத்திரைப் பலகையையும் கோப்புகளையும் அலுவலக அறையில் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி, அதிகாரி சிங்கம் செதுக்கிய தன் சொந்தப் பித்தளை முத்திரையை அதில் பதித்தார். எண்ணூர் விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் வந்து படகுகளை வழியனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் நான் வந்தபோது பட்டணத்து உப்புக் கொட்டகைகளுக்குப் போக வேண்டிய படகுகள் கால்வாயில் வரிசையாகக் காத்து நின்றன. கிழக்கே கடல் மேல் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் ஏற்றி மூடினால் உண்டு, இல்லாவிட்டால் அம்பாரத்தைத் திறக்கவே முடியாது, ஏற்றுக்கூலியும் கிடையாது. கீற்றை விலக்கினோம், முத்திரைகளைச் சரிபார்த்தேன், தலையசைத்தேன். ஒருவரும் அசையவில்லை. கன்னியப்பன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இன்னா கன்னியப்பா, மேகத்தப் பாத்தியா?" என்றேன்.

"பாத்துகினுதான் சார் கீறேன். நம்மால ஆவாது. அது அவன் தலை, அடிச்சோம். இது நம்ம தலைன்னு ஆபீசர் சொல்லிட்டுப் போய்கிறாரு. நேத்து குங்குமம் வெச்சி கும்பிட்டுட்டு, இன்னிக்கு அத்தையே மம்முட்டியால போடச் சொல்றியே, ஞாயமா சார்?"

படகுக்காரர்கள் கரையிலிருந்து கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஒருவன் யோசனை சொன்னான், முத்திரையைத் தொடாமல் உச்சியிலிருந்து அள்ளி எடுத்துவிடலாமே என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முத்திரை கலையாமல் உப்பை எடுக்க முடியும் என்று அரசு அதிகாரியே பட்டப்பகலில் செய்து காட்டினால், நாளைக்குத் திருடன் அதே வழியில் வருவான். கூடாது என்றேன்.

நானே மண்வெட்டியை வாங்கி வெட்டியிருக்கலாம். அதையும் யோசித்தேன். ஆனால் அது அவனுடைய உரிமை. கிரீடத்தை அடிக்க அவன் வேண்டும், சிங்கம் வந்தவுடன் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றால், எதற்காக அந்தச் சிங்கம் வந்தது?

"கன்னியப்பா, உன் வூட்டுத் தாழ்ப்பாளை நீதானே போடுகிறாய், நீதானே எடுக்கிறாய்? தாழ்ப்பாள் கோபித்துக்கொண்டதா?"

"தாப்பாளுக்கு யாரும் குங்குமம் வெக்கலியே சார்."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

"சரி, பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினாயே. குங்குமம் வைத்தாயா இல்லையா?"

"வெச்சேன்."

"கொழுக்கட்டை படைத்தாய், தோப்புக்கரணம் போட்டாய். அப்புறம் யார் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டது?"

அவனை முந்திக்கொண்டு முனியம்மா சொன்னாள்: "இவுருதான் சார். கழுத்தளவு தண்ணில எறங்கி இவுருதான் கரைச்சாரு."

"பிள்ளையார் வந்த வேலை முடிந்தது, கும்பிட்டவனே அனுப்பிவைத்தான். அதில் அவமரியாதை என்ன இருக்கிறது? ராத்திரி முழுக்க இந்தச் சிங்கம் உங்கள் உழைப்பைக் காவல் காத்தது. விடிந்துவிட்டது, உரியவன் வந்துவிட்டான். இனிமேலும் அதை அங்கேயே நிற்கவைத்தால், அது உன்னையே திருடன் என்று நினைத்துக்கொண்டு நிற்கும்."

கன்னியப்பன் மேகத்தைப் பார்த்தான், படகைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஆபீசர் கேட்டா?"

"நான் சொன்னேன் என்று சொல். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், இது என் உத்தரவு."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். நடுவிலிருந்த சிங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உடைந்த மண் காலில் மிதிபடக்கூடாது என்று முனியம்மா கீழே கூடையை வைத்தாள். மண்வெட்டியை ஓங்கினான். கத்தவில்லை. ஒரே வெட்டில் களிமண் விரிந்து உள்ளே இருந்த உப்பு பளபளத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிகாரி வரப்பு மேல் வந்து சேர்ந்தார். அவர் கண்ணில் பட்டது இதுதான்: தன் கையால் வைத்த சிங்கம் குங்குமத்தோடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, பக்கத்தில் மண்வெட்டியோடு ஒருவன் நிற்கிறான். முகம் சிவந்துவிட்டது.

"யார் உடைத்தது இதை?"

என்னைச் சொல் என்று எத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தேன்! கன்னியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் ஒடச்சேன்" என்றான். அந்த நிமிஷம் அவன் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

"நான் சொல்லித்தான் சார் உடைத்தான்" என்று முன்னால் போனேன்.

"அப்படியானால் இரண்டு பேரையும் சேர்த்தே அறிக்கை எழுதுங்கள். இவனை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். தேசச் சின்னத்தை அவமதித்தான் என்று போலீஸுக்கும் எழுத வேண்டும். நேற்று நான் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்றா?"

முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி வேலை போனால் கன்னியப்பனுக்கு வேறு அளத்திலும் இடம் கிடைக்காது. போலீஸ் என்றால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது தலைமுறைச் சிறை. அப்பனை உள்ளே தள்ளியது கிரீடம், மகனைத் தள்ளப்போவது சிங்கம் என்றால் மாறியது பலகை மட்டும்தான்.

தம்பிகளே, கவனியுங்கள். என்னிடம் அப்போது பதில் தயாராக இருந்தது. பிள்ளையாரை மறுபடியும் கரைத்திருக்கலாம். விதியைச் சொல்லி மேலதிகாரியின் வாயை அடைத்திருக்கலாம். நாக்கு துடித்தது. ஆனால் ஒரு மனிதரை அத்தனை பேர் முன்னால் தோற்கடித்தால், அவர் தவறை உணர்ந்தாலும் திரும்பி வர வழி இருக்காது. அவருடைய கௌரவம் நிற்கட்டும் என்று கன்னியப்பன் தலை உருளும். வாயை மூடிக்கொண்டேன்.

"சரி சார், எழுதுகிறேன். தாளும் மையும் அலுவலக அறையில் இருக்கின்றன. நீங்கள் முத்திரை வைத்த பூட்டு. நீங்கள்தான் திறக்க வேண்டும்."

"வாருங்கள்" என்று விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் போனேன். கன்னியப்பனும் கிளம்பினான், அங்கேயே இரு என்று கையைக் காட்டினேன். வேறு யாரையும் வரவிடவில்லை.

பூட்டின் மேல் அரக்கு அப்படியே இருந்தது. சின்னஞ்சிறு சிங்கங்கள் சிவப்பில் மின்னின. அதிகாரி வந்த வேகத்தில் கட்டை விரலை அரக்குக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். படக்கென்று உடைந்து படியில் துண்டுதுண்டாக விழுந்தது. துணியை உருவினார், சாவியைச் செருகினார். சாவி திரும்பவில்லை. அவர்தான் திருப்பவில்லை. குனிந்து படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சிங்கத்தின் தலை கிடந்தது.

நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை என்று கோவிலில் சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தேன்.

அவர் மெதுவாகக் குனிந்து அரக்குத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் திட்டில் வைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மழை வருமா?" என்று கேட்டார்.

"வரும் சார்."

"அப்புறம் ஏன் இங்கே நிற்கிறீர்கள்? ஏற்றச் சொல்லுங்கள்."

"அறிக்கை..."

"எந்த அறிக்கை?"

ஒரு மேலதிகாரியை அவ்வளவு பிடித்துப்போன நாள் என் வேலைக்காலத்தில் வேறு இல்லை. அவரே திரும்பி நடந்து வந்து அம்பாரத்தின் எதிரில் நின்றார். கன்னியப்பனிடம், "நிறுத்தாதே, வெட்டு" என்றார். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். அப்புறம் அந்தக் கரையில் பேச்சே இல்லை, கூடைதான் பறந்தது. கடைசிப் படகுக்குப் பாய் போட்டு மூடியபோது முதல் தூறல் விழுந்தது. அதிகாரி நனைந்துகொண்டே நின்று அனுப்பிவைத்தார்.

பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். கிரீடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இது என்னுடையது, தொடாதே. அதனால்தான் அதை உடைத்தபோது சிரிப்பு வந்தது. சிங்கத்தையும் நாம் அப்படியே 'தொடாதே' என்று சொல்ல வைத்தால், அதுவும் கிரீடம்தான். சிங்கம் சொல்ல வேண்டியது, கொஞ்சம் பொறு, உரியவன் வரட்டும் என்பது. உங்களுக்கு ஒரு நெருக்கடி வரும்போது விதிப்புத்தகத்தை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் புரட்டுவதற்கு முன்னால், கையில் இருக்கும் இந்தப் பொருள் யாருக்காக இங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழி அங்கேயே தெரிந்துவிடும்.

கதை அதோடு முடியவில்லை. மழை விட்டு அடுத்த அம்பாரம் சேர்ந்தது. உடைந்த பழைய களிமண்ணையெல்லாம் நாங்கள் எறிவதில்லை, தொட்டியில் ஊறப்போட்டுப் பிசைந்து மறுபடியும் பூசுவோம். குங்குமம் கலந்த அந்த மண்ணும் அதில்தான் ஊறியது. எத்தனையோ வருடத்துக் கிரீடங்களும் அதற்குள் கரைந்துதான் கிடந்தன. பட்டை பூசி முடிந்ததும் நான் முத்திரைப் பலகையை எடுத்து வந்தேன். கன்னியப்பன் வழியில் வந்து நின்றான்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஒடைக்கிறது நாந்தான்னா, வெக்கிறதும் நாந்தான் வெப்பேன்."

தூக்கிவாரிப்போட்டது. முத்திரைப் பலகை அதிகாரியின் கையை விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் இலாகாவின் முதல் விதி. திருட்டுக்கு எதிரான பூட்டை வேறொருவன் கையில் கொடுப்பதாவது! ஆனால் அவன் கேட்டதில் துளி விளையாட்டு இல்லை. சிறைக்குப் போன தகப்பனின் மகன் கேட்கிறான். இந்த நாடு என்னுடையது என்று சொன்னீர்களே, மெய்தானா என்று கேட்கிறான்.

"வா" என்றேன். பலகையின் பிடியை நான் பிடித்துக்கொண்டேன். அவனை எனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். அவன் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, உப்பு அரித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை என் கை மேல் வைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தினோம். விதி மீறப்படவில்லை. பலகை என் கையை விட்டுப் போகவில்லை, இன்னொரு கையும் சேர்ந்தது, அவ்வளவுதான். நான் ஓய்வு பெறும்வரை அந்த அளத்தில் அப்படித்தான் நடந்தது.

பலகையை எடுத்தபோது மூன்று சிங்கங்களும் பிசிறில்லாமல் விழுந்திருந்தன. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முனியம்மா கிட்டே வந்து பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற கன்னியப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னிக்கு ஆபீசர கேட்டேனே, அவுருக்குத் தெர்ல," என்றாள். "நாலாவது சிங்கம் பொறத்தால நின்னுகினு இன்னா பண்ணுதுன்னு இப்பத்தான் சார் தெரியுது."